சொந்தக்காரர் என்ற சொல்

இதை எழுத எனக்கு ஒரு தகுதியும் இல்லை. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றுபோனது. நாலு பேர் முன்னால் கதைக்கவும் வராது. விடுமுறை வீடுகளைப் பார்க்கிற வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். வேலையை விட்டு வீட்டில் இருக்கிற என்னையும் கூப்பிட்டு, ராத்தா, நீங்களும் ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். எழும்பி நின்றேன். எழுதித் தருகிறேன் என்று சொல்லி உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்குத் தப்பியதற்கு இன்றைக்கு இந்தத் தண்டனை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டில் விரிப்பதும், குளியலறை கழுவுவதும், வெளியூர்க்காரருக்கு மீன் ஆணத்தில் உறைப்பைக் குறைப்பதும் நான் சொல்லித் தர வேண்டிய விசயங்கள் இல்லை. ஒரு கிழமையில் கை பழகிவிடும். நான் சொல்ல வருவது வேறு. வாசல் படலையில் ஒருவர் வந்து நின்று, உள்ளே தங்கியிருப்பது யார் என்று கேட்டால் என்ன சொல்வது? சின்னக் கேள்வி மாதிரித்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

நான் பார்த்த வீடு எத்தாளைக்குக் கிட்ட, கடல் நிலத்துக்குள் புகுந்து கிடக்கிற களப்பின் ஓரத்தில் இருந்தது. கொழும்பில் கடை வைத்திருக்கும் ஒருவரும் அவருடைய மச்சானும் சேர்ந்து காணி வாங்கிக் கட்டியது. மூன்று அறை, பெரிய விறாந்தை, தண்ணீர்ப் பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு. காற்றுக் காலத்தில் வெள்ளைக்காரர் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சறுக்க வருகிறார்கள், அந்தப் பக்கம் வீடு கட்டியவர் யாருக்கும் நட்டமில்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு இறங்கினார்கள். மச்சான் பெயருக்குப் பங்காளி. நான் முதலாளி என்று எழுதுவது கடைக்காரரை. கெட்ட மனிதர் இல்லை. என் உம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்காமலேயே வான் அனுப்பியவர். அதை எழுதாமல் மற்றதை மட்டும் எழுதினால் நியாயமில்லை.

ஒரு வீட்டில் வாடகைக்கு ஆள் தங்குவதானால் பிரதேச சபையில் அனுமதி எடுக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரைப் பார்ப்பார்கள். மலக்குழி எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். தண்ணீரோரம் வீடு என்றால் கயிறும் மிதவைச் சட்டையும் இருக்க வேண்டும். தோணி வைத்திருந்தால் அதைப் பதிய வேண்டும். யார் வந்து தங்குகிறார் என்பது கேட்கிறவருக்குச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் நடந்த ஒழுங்கு இதுதான். ஆனால் வீட்டுக்காரரின் சொந்தக்காரர் வந்து தங்கினால் இதில் ஒன்றும் தேவையில்லை. மாமி மச்சான் வராத வீடு ஊரில் எங்கே இருக்கிறது?

முதலில் ஒரு வருஷம் ஓடட்டும், பிறகு அனுமதி எடுப்போம் என்பார் முதலாளி. அந்த ஒரு வருஷம் முடியவே இல்லை. அனுமதி எடுத்தால் கரண்ட் பில் வீட்டுக் கணக்கிலிருந்து கடைக் கணக்குக்கு மாறும், களப்புக்கு இவ்வளவு கிட்ட ஏன் கட்டினாய் என்ற கேள்வியும் வரும். அதுதான் காரணம். எங்கள் வரிசையில் இருந்த எல்லா வீடுகளுக்கும் அதுதான் காரணம்.

பக்கத்துக் காணி வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அண்ணன் முறையில் நான் நானா என்று கூப்பிடுகிற ஒருவர். இந்தத் தொழிலில் எனக்கு முன்னே வந்தவர். படலையில் எப்படி நிற்பது என்று எனக்குக் காட்டித் தந்தது அவர்தான்.

"பொய் சொல்லாத தங்கச்சி. பொய் சொன்னா ஒனக்கு மொகம் காட்டிக் குடுத்துரும். சொந்தக்காரர் எண்டு சொல்லு. அது பொய்யில்ல."

"காசு குடுத்து வாறவங்க எப்பிடி நானா சொந்தக்காரர் ஆகுற?"

"காசு குடுத்தவன் அண்டைக்கு அந்தக் கட்டிலுக்குச் சொந்தக்காரன்தானே. அவன எழுப்பிட்டு நீ படுக்கேலுமா?"

சொந்தக்காரர் என்றால் உறவுக்காரர். சொந்தக்காரர் என்றால் உரிமை உள்ளவர். இரண்டு பக்கமும் கூர் உள்ள சொல். கேட்கிறவர் எந்தப் பக்கத்தை எடுத்தாலும் அது அவர் பாடு, நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நானாவுக்கு அந்தச் சொல்லில் அவ்வளவு நம்பிக்கை. இன்னொரு வித்தையும் வைத்திருந்தார். அவருடைய பேரனுக்குச் சின்னதாகிப்போன பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை ஒன்றை என்னிடம் தந்து, கொடியில் போட்டு வை என்றார். பள்ளிக்கூடச் சட்டை காய்கிற வீட்டை யாரும் விடுதி என்று சொல்ல மாட்டார்கள்.

சபைப் பரிசோதகர் வரும்போதெல்லாம் அந்தச் சட்டை கொடியில் கிடந்தது. முதல் தரம் வந்தபோது, பிள்ளை எத்தனையாம் வகுப்பு என்று கேட்டார். அஞ்சு என்றேன். அடுத்த வருஷம் வந்தார். அஞ்சு என்றேன். அதற்கடுத்த வருஷம் சட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன ராத்தா, இந்தப் பிள்ளை அஞ்சாம் வகுப்பு ஸ்கொலசிப் சோதனை பாஸ் பண்ற மாதிரித் தெரியல்லியே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். அவருக்கும் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். நானாவிடம் சொன்னபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நீங்களும் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு மிச்சத்தையும் வாசியுங்கள்.

தலவிலச் சந்தன மாதா கோயில் திருவிழாக் காலம் உங்களுக்குத் தெரியும். நாட்டின் எல்லாத் திசையிலிருந்தும் சனம் வரும். கோயிலடியில் கூடாரம் போட இடமிருக்காது. அந்த நாட்களில் களப்போரத்து வீடுகளுக்கும் கிராக்கி. திருவிழாவுக்கு முதல் நாள் காலையில் முதலாளி போன் எடுத்தார். மலைநாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வருகிறது, வீட்டைத் திறந்து வை என்றார்.

வந்தவர்கள் ஐந்து பேர். ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், அவருடைய மனைவி, கைக்குழந்தை, ஆசிரியரின் தாய், தம்பி. அவர்களுடைய பெயர்களை எழுத மாட்டேன். அந்தப் பிள்ளை இப்போது வாசிக்கிற வயதுக்கு வந்திருக்கும். தேயிலை மலையில் பிறந்து வளர்ந்தவர்கள். இவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்ததில்லை என்று ஆசிரியர் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் மட்டும் இறங்கி நின்றார். தாய்க்காரி கரையில் நின்று, பார்த்து, பார்த்து என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

விறாந்தையின் ஓரத்தில் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் தோணி ஒன்று கிடந்தது. இரண்டு பேர் இருந்து துடுப்புப் போடுகிற மாதிரி. முதலாளி வாங்கி அனுப்பியது. அதோடு மிதவைச் சட்டையும் வாங்கித் தரச் சொல்லி இரண்டு தரம் கேட்டேன். அனுமதி எடுக்கிற நேரம் பார்ப்போம் என்றார். தோணி இருந்தது படம் எடுப்பதற்கு. வீட்டை வாடகைக்குக் காட்டுகிற இடத்தில், போனில், அந்தத் தோணியின் படம்தான் முதலில் நிற்கும்.

ஆசிரியர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"சேர், அதை எடுக்கவேணாம். கச்சான் காத்து" என்றேன்.

"தண்ணி அமைதியாத்தானே இருக்கு அக்கா."

"இங்கதான் அமைதி. அந்தா, நடுவில பாருங்க, வெள்ளை வெள்ளையாத் தெரியுது."

"விளம்பரத்துல போட்டிருக்காங்களே, தோணி இலவசம்னு" என்று தம்பி சொன்னார்.

முதலாளி போட்ட விளம்பரத்தை நான் எப்படிப் பொய் என்று சொல்வது? வேணாம் சேர் என்று இன்னொரு தரம் சொன்னேன். ஆசிரியர் சிரித்து, சரி அக்கா என்றார். நான் சமைக்கப் போனேன்.

கச்சான் காற்றைப் பற்றித் தெரியாத பிள்ளைகள் உங்களில் இருக்கலாம். அது கடல் பக்கமிருந்து வந்து எங்கள் ஊரைத் தாண்டிக் களப்புக்குள் இறங்குகிறது. களப்போரத்து வீடுகளில் அது முதுகுப் பக்கமிருந்து அடிக்கும். தென்னையும் சுவரும் மறைப்பதால் கரையில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். கொஞ்சம் தள்ளிப் போனால்தான் காற்றுப் பிடிக்கும். போவதற்குத் துடுப்பே தேவையில்லை, காற்றே கொண்டுபோகும். திரும்பி வருவதற்குத்தான் கை வேண்டும்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு எழும்பும்போது ஆசிரியரின் மனைவி குழந்தையோடு குசினி வாசலில் நின்றார்.

"அக்கா, அவங்க ரெண்டு பேரும் ரொம்ப தூரம் போயிட்டாங்க. கூப்பிட்டாக் கேக்கலை."

கரைக்கு ஓடினேன். தூரத்தில் மஞ்சளாக ஒன்று ஏறி இறங்கியது. துடுப்பு அசைவது தெரியவில்லை. தாய்க்காரி சேலைத் தலைப்பை உயர்த்தி வீசிக்கொண்டு நின்றார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் மறைந்தது. பிறகு ஒரு தரம் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

வீடு பார்க்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. என்ன நடந்தாலும் முதல் போன் முதலாளிக்கு. குழாய் உடைந்தாலும் முதலாளி, பாம்பு வந்தாலும் முதலாளி. நானும் அவருக்குத்தான் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் கடைச் சத்தம் கேட்டது. பிறகு அவர் வெளியே வந்து கதைத்தார்.

"பதறவேணாம். வாலிப ஆக்கள், வந்துருவாங்க. மீன்காரரிட்டச் சொல்லி ஒரு போட் அனுப்புங்க. பொலிஸ், அது இது எண்டு போகவேணாம். ஆரும் கேட்டா சொந்தக்காரர் எண்டு சொல்லுங்க. வெளங்கிச்சா?"

"ஓம் முதலாளி."

எங்கள் வரிசையின் கடைசியில் மீன்பிடிச் சங்கத்தின் வள்ளங்கள் நிற்கிற துறை. அன்றைக்குப் பாதிப் பேர் தலவிலவில். மார்சலின் அண்ணன் மட்டும் வலைக்குப் பக்கத்தில் இருந்தார். சங்கத்தின் செயலாளர். சிலாபப் பக்கத்தில் வளர்ந்தவர், சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். அதனால் கரையோரக் காவல் முகாமோடு, அரசாங்கக் கந்தோரோடு கதைப்பதெல்லாம் அவர்தான். அந்த முகாம் அப்போது கொஞ்சம் தள்ளி இருந்தது. அவர்களிடம் பெரிய எஞ்சின் படகு இருந்தது.

நான் ஓடி வந்த வேகத்தில் மூச்சு நிற்கவில்லை. காற்று காதுக்குள் இரைந்தது.

"அண்ணன், எங்கட வீட்டுச் சொந்தக்காரர் ரெண்டு பேர் மஞ்சள் தோணியில போயிட்டாங்க. காணல்ல."

"எந்தப் பக்கம்?"

"காத்துப் போற பக்கம். மிதவைச் சட்டையும் இல்ல."

அவர் ஒரு கெட்ட வார்த்தை சொல்லி, பிறகு சிலுவை போட்டுக்கொண்டார். ஒரு கையால் போனை எடுத்துக்கொண்டே மற்றக் கையால் பெற்றோல் கேனைத் தூக்கினார். முகாமுக்குச் சொல்றேன், என்ட வள்ளத்தையும் எடுக்கிறேன், நீங்க போய் அந்தப் பொம்பளையோட நில்லுங்க என்றார். அவர் சிங்களத்தில் கதைக்கத் தொடங்கும்போது நான் திரும்பி ஓடிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பெரிய படகு வரும். எஞ்சின் சத்தம் கேட்கும். அவ்வளவுதான்.

கரையில் நாங்கள் மூன்று பெண்கள் நின்றோம். குழந்தை தூங்கிவிட்டது. மார்சலின் அண்ணனின் சின்ன வள்ளம் அலையில் குதித்துக்கொண்டு போவது தெரிந்தது. பெரிய படகைக் காணவில்லை.

"பெரிய போட் வரும்னு சொன்னீங்களே அக்கா."

"வரும்."

"எந்தப் பக்கமிருந்து வரும்?"

கையைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் சாய்ந்து தண்ணீர் சாம்பல் நிறமானது. தாய்க்காரி மணலில் இருந்து ஜெபமாலை உருட்டத் தொடங்கினார். சந்தன மாதாவே, உன்கிட்டத்தானே வந்தோம் என்று ஒரு தரம் சத்தமாகச் சொன்னார். என் வாயிலும் எனக்குத் தெரிந்த ஓதல் ஓடியது. நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது தொண்ணூறில், முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து படகில் வந்தவள். தண்ணீருக்கு நடுவில் எஞ்சின் நின்றுபோனால் மனிதர்கள் எப்படி இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒருவரும் கத்த மாட்டார்கள். அதைத்தான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

பொழுதுபடுகிற நேரம், மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் மார்சலின் அண்ணன் திரும்பி வந்தார். வள்ளத்தில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை. தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தார்.

"நடுவில என்ட எஞ்சின் இழுக்குதில்ல. பெற்றோல் எடுத்திட்டுப் போகணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இருந்தது. "நீங்க என்ன தங்கச்சி வெளையாட்டு வெளையாடுறீங்க? முகாம்ல படகு எறக்கித் திருப்பிக் கட்டிட்டாங்களாம். உங்கட முதலாளி கொழும்புல நல்லா இருக்காராமே."

"முதலாளி கொழும்பிலதானே இரிக்கார்."

"அப்ப கடல்ல போனது ஆரு?"

"சொந்தக்காரர் எண்டு சொன்னேனே அண்ணன்."

"அதைத்தான் நானும் சொன்னேன். சிங்களத்தில அயிதிக்காரயோ எண்டு. வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் எண்டு. அவங்கட நம்பர் கேட்டாங்க, குடுத்தேன். எடுத்துப் பாத்திருக்காங்க. நான் இங்கதான் இரிக்கேன், மச்சானும் பக்கத்திலதான் இரிக்கார், வீடு பூட்டிக் கெடக்கு, ஒருத்தரும் இல்ல எண்டு உங்கட முதலாளி சொல்லியிருக்கார்."

சிங்களத்தில் வீட்டுக்காரருக்கு ஒரு சொல், உறவுக்காரருக்கு வேறு சொல். எங்களுக்குத்தான் இரண்டுக்கும் ஒரே சொல். நான் ஒரு பக்கத்தைச் சொன்னேன், அவர் மற்றப் பக்கத்தைக் கேட்டார். நானா சொன்ன மாதிரியே நான் பொய் சொல்லவில்லை. மார்சலின் அண்ணனும் பொய் சொல்லவில்லை. முகாமில் இருந்தவர்களும் விசாரித்துத்தான் பார்த்தார்கள். திருவிழாக் காலத்தில் அவர்களுக்கு எத்தனையோ வீண் அழைப்புகள்.

"வாடகைக்கு வந்த ஆக்கள் அண்ணன்" என்றேன். "வாடகைக்கு."

"அதைச் சொல்லியிருக்கலாமே தங்கச்சி." கோபம் போய்விட்டிருந்தது. அந்தக் குரல்தான் எனக்கு இன்னும் கேட்கிறது.

அவர் முகாமுக்கு எடுத்தார். இப்போது அவர் சொன்னதை அந்தப் பக்கத்தில் நம்பவில்லை. முதலில் ஒன்று சொன்னீர்கள், இப்போது ஒன்று சொல்கிறீர்கள் என்கிறார்கள் போலிருக்கிறது. நான் அவருடைய கையிலிருந்து போனை வாங்கினேன். அந்நிய ஆண்களோடு தமிழிலேயே அதிகம் கதைக்காதவள் நான். சந்தையில் கேட்டுப் பழகிய சிங்களம்தான். குலியட்ட ஆப்பு மினிஸ்ஸு, குலியட்ட ஆப்பு மினிஸ்ஸு என்று திருப்பித் திருப்பிச் சொன்னேன். வாடகைக்கு வந்த மனிதர்கள் என்று அர்த்தம். முதலாளி மகாத்தயா பொய் சொல்லிவிட்டார், இங்கே மனைவி நிற்கிறார், தாய் நிற்கிறார் என்று தமிழும் சிங்களமும் கலந்து சொன்னேன். ஆசிரியரின் மனைவி அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். இத்தனை நேரமும் படகு வராதது ஏன் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.

பெரிய படகு வந்தது. லைட் போட்டுக்கொண்டு எங்களைக் கடந்து போனது. தம்பியை உயிரோடு கண்டுபிடித்தார்கள். களப்புக்கு நடுவில் மீனுக்கு வலை கட்டுகிற கம்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு இருந்தாராம். கம்பில் ஒட்டியிருந்த மட்டி வெட்டி உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தது. தோணி கவிழ்ந்த பிறகு அவரும் அண்ணனும் ஒரே கம்பைத்தான் பிடித்திருந்தார்கள். தூரத்தில் ஒரு சின்ன வள்ளம் போனதையும் கண்டிருக்கிறார்கள், கூப்பிட்டும் இருக்கிறார்கள். காற்று இவர்களுடைய குரலை மற்றப் பக்கம் கொண்டுபோனது.

"இருட்டுற வரைக்கும் அண்ணன் புடிச்சிக்கிட்டுத்தான் இருந்தாங்க" என்றார் தம்பி. "இருட்டுன பிறகுதான் பேச்சில்லை."

இதற்குமேல் அந்த நாளைப் பற்றி எழுத என்னால் முடியாது.

பிள்ளைகளே, நீங்கள் வேலைக்குப் போகிற வீடுகளில் பாதிக்கு அனுமதி இருக்கும், பாதிக்கு இருக்காது. முதலாளியோடு சண்டை பிடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. நான் பிடிக்கவில்லை, பிடித்திருந்தால் அடுத்த நாளே வேறு ஆள் வந்திருப்பார். வாடகைக்கு வீடு கட்டுகிறவர்கள் கணக்குப் பார்க்கும்போது சபையின் ஒழுங்கைச் செலவுப் பக்கத்தில் எழுதுகிறார்கள். கயிறும் மிதவைச் சட்டையும், உள்ளே இருப்பது யார் என்ற கேள்வியும் எதற்கு என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. கொழும்பிலிருந்து பார்த்தால் தண்ணீர் படத்தில்தான் இருக்கிறது. கரையில் நிற்கப்போவது நீங்கள்.

அதனால் இரண்டு விசயம் மட்டும் கேட்கிறேன். ஆள் தண்ணீரில் என்றால் முதல் போன் முதலாளிக்கு இல்லை. அவரிடம் படகு இல்லை. படகு இருக்கிறவருக்கு எடுங்கள். மற்றது, தங்க வந்தவரை வாடகைக்கு வந்தவர் என்று சொல்லிப் பழகுங்கள். வீட்டுக்குள்ளேயும் அப்படியே சொல்லுங்கள், உங்களுக்குள் கதைக்கும்போதும் சொல்லுங்கள். அவசரத்தில் மனிதன் யோசித்துச் சொல்வதில்லை. பழகின சொல்தான் வாயில் வரும். என் வாயில் வந்ததும் அதுதான்.

நானாவைப் பற்றிக் கேட்பீர்கள். அவர் இன்னும் அந்த வரிசையில்தான் வேலை செய்கிறார். நடந்ததை நான் சொன்னபோது, "நான் படலைக்குத்தான் சொல்லித் தந்தேன் தங்கச்சி, கடலுக்கில்ல" என்றார். அதையும் யோசித்துப் பார்த்தேன். சொல்லுக்குப் படலை எது, கடல் எது என்று தெரியுமா? மார்சலின் அண்ணன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு மீன் கொண்டு வந்தால் மகனிடம் கொடுத்து அனுப்புவார். அவர் வர மாட்டார்.

அந்த நாளுக்கு மறுநாள்தான் திருவிழா. காலையில் ஆசிரியரைக் கரைத்தீவுப் பக்கத்துக் கரையில் கண்டெடுத்தார்கள். என் உம்மாவின் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். ஆஸ்பத்திரியில் மரண விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். முதலாளி விடியவே கொழும்பிலிருந்து வந்திருந்தார். அழுதிருந்தார், கண் வீங்கியிருந்தது. வாசலில் என்னை ஒதுக்கி, "ஒரு சொல்லுத்தானே ராத்தா, சொந்தக்காரர் எண்டு மட்டும் சொல்லுங்க, மிச்சத்த நான் பாக்கிறேன்" என்றார். உள்ளே பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார். ஆசிரியரின் மனைவி எதிரே இருந்தார். விசாரணை அதிகாரி என் பெயரைக் கேட்டார், வயதைக் கேட்டார்.

"இறந்தவருக்கு நீங்க என்ன முறை? சொந்தக்காரரா?"

"இல்ல சேர். அவர் வாடகைக்கு வந்தவர். நான் வீடு பார்க்கிற ஆள்."

அவர் அதை எழுதிக்கொண்டார். பின்னேரம் சபையிலிருந்து வந்து வீட்டுக்குச் சீல் வைத்தார்கள். பரிசோதகர் கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்து, மடித்து, என்னிடம் தந்தார்.